ஐந்தாவது அளவு

எழுதிப் பழகியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வெல்டிங் ராடு பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும், சலூனில் கிடக்கும் கடைசிப் பக்கம் கிழிந்த வாரப் பத்திரிகைகளும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவர் எழுத மட்டும் எப்படித் துணிந்தீர்கள் என்று என் மனைவியே கேட்டாள். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அதுதான் காரணம் என்றேன். நடையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அளவுகளில் பிழை இருக்காது. அவற்றை ஒரு கணக்கு டீச்சர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் என் மச்சானுக்கும், அதாவது என் மனைவியின் தம்பிக்கும், அண்ணனூர் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி, வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூரை என்று இரும்பில் எது கேட்டாலும் செய்வோம். வேலையை நாங்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளவில்லை. பேச வேண்டியதெல்லாம் அவனிடம் போனது, பற்றவைக்க வேண்டியதெல்லாம் என்னிடம் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு செய்யக்கூடிய தொழில்கள் உலகத்தில் குறைவு. அதில் ஒன்று எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம். யாராவது பட்டறைக்குள் வருவது தெரிந்தால் முகமூடியை இறக்கிக்கொள்வேன். அந்த நேரத்தில் பற்றவைக்க எதுவும் இல்லாவிட்டாலும், கிடக்கிற பழைய இரும்புத் துண்டில் இரண்டு பொட்டு வைப்பேன். நெருப்புப் பறப்பதைப் பார்த்து வந்தவர் தானாகவே மச்சான் பக்கம் நகர்ந்துவிடுவார்.

அளவெடுக்கப் போவதும் மச்சான்தான். ஒரு வீட்டுக்குள் போய் ஜன்னலை அளப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. தண்ணீர் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். டீ கொடுப்பார்கள், குடிக்க வேண்டும். போன தடவை செய்தவன் ஏமாற்றிய கதையைச் சொல்வார்கள், அதற்குத் தலையாட்ட வேண்டும். மச்சான் இதிலெல்லாம் கெட்டிக்காரன். டேப்பைப் பிரிப்பதற்குள் அந்த வீட்டுப் பூனையின் பெயர் வரை தெரிந்துகொள்வான்.

அந்த ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அதே வாரத்தில்தான் பாயிடமிருந்து போன் வந்தது.

பாய் பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். நூம்பலில் புதிதாக வீடு கட்டிக் குடி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். நிக்காஹும் சாப்பாடும் மண்டபத்தில்தான். ஆனால் மண்டபத்தில் விறகு அடுப்பு மூட்ட விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். எனவே சோறு வீட்டில் ஆக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருந்த காலி இடத்தைப் பார்க்க, கல்யாணச் சமையல் செய்யும் பண்டாரி வந்திருக்கிறார். இடத்தைப் பார்த்தார், அடுத்து வானத்தைப் பார்த்தார். மேலே கூரை இல்லாமல் ஐப்பசி மாதத்தில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன வருடம் ஒரு வீட்டில் தம் போட்ட நேரத்தில் மழை பிடித்து, பிரியாணி கஞ்சியாகப் போய், மாப்பிள்ளை வீட்டார் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்களாம். அந்தப் பெயர் தனக்கு இன்னொரு தடவை வேண்டாம் என்றாராம்.

ஆக, நிக்காஹுக்கு முன்னால் கூரை வேண்டும். இல்லையென்றால் முந்நூறு பேருக்குச் சோறு இல்லை. பாய் போனில் இதை மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் "சரி பாய்" என்றேன். நான் அன்று பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

தனியாகத்தான் போனேன். நூம்பலில் அந்தப் பக்கம் முன்பு நெல் வயலாக இருந்தது. மனை பிரித்தபோது பழைய வாய்க்கால் எப்படி வளைந்ததோ அப்படியே தெருவையும் வளைத்துவிட்டார்கள். அதனால் அங்கே எந்த மனையும் எந்தப் பக்கத்திலும் நேராக இருக்காது. பாய் வீட்டு மேஸ்திரி அந்தக் காலி இடத்தின் நான்கு மூலையிலும் நான்கு இரும்புக் கால்களைக் கான்கிரீட் போட்டு நட்டு வைத்திருந்தார். நான் செய்யப்போகும் சட்டம் அந்த நான்கு கால்களின் தலையில் போய் உட்கார வேண்டும். அதன் மேல் ஷீட். அவ்வளவுதான் வேலை.

எங்கள் டேப்பின் முனையில் இருந்த கொக்கி உடைந்து வெகு நாளாயிற்று. முதல் நாலைந்து அங்குலம் தேய்ந்து எண்ணே தெரியாது. அதனால் ஒரு அடி என்று போட்டிருக்கும் கோட்டைக் காலோடு சேர்த்துவைத்து அளந்து, வருகிற அளவில் ஒரு அடியைக் கழித்துக்கொள்வோம். இன்னொருவர் முனையைப் பிடித்துக்கொண்டால் நல்லது. ஆள் இல்லாததால் நான் முனையின்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு அளந்தேன். வீட்டுப் பக்கம் பதினான்கு அடி. தெருப் பக்கம் பத்தடி. காம்பவுண்டுப் பக்கம் பதினாறே கால். பின்பக்கம் ஏழு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்து சட்டைப் பையிலிருந்த அட்டையில் எழுதிக்கொண்டேன்.

குறுக்கே, மூலைக்கு மூலை, அளக்கவில்லை. இடத்தின் நடுவில் தலை உயரத்துக்கு இலவம்பஞ்சு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு மேலாக டேப்பை இழுக்க வேண்டும் என்றால் ஒரு முனையில் செங்கல் போதாது, ஆள்தான் வேண்டும். பாய் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். நான் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதை உள்ளே யாரோ பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"குறுக்கே அளக்கலையாண்ணே? யாராவது பிடிக்கணும்னா சொல்லுங்க."

"வேணாம்மா," என்றேன்.

இந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் பாக்கி எல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் போர்வைக்குள்ளிருந்து, எல்லா அளவும் எடுத்தாயா என்று கேட்டான். எடுத்தேன் என்றேன். நாலு பக்கத்துக்கு நாலு அளவு, வேறென்ன இருக்கிறது?

எங்கள் பட்டறையில் எந்தச் சட்டத்தையும் முதல் மூலையைச் செங்கோணம் காட்டும் மூலைமட்டத்தில் வைத்துத்தான் தொடங்குவோம். தரையிலேயே ஒரு பெரிய மட்டத்தைப் பதித்து வைத்திருக்கிறோம். கேட்டோ ஜன்னலோ, அதில் முதல் இரண்டு பைப்பையும் சேர்த்துப் பொட்டு வைத்த பிறகுதான் மற்றது. கை அப்படியே பழகிவிட்டது. பதினான்கு அடிப் பைப்பையும் பத்தடிப் பைப்பையும் அந்த மட்டத்தில் வைத்தேன். ஒன்றின் நுனியிலிருந்து ஏழடி, இன்னொன்றின் நுனியிலிருந்து பதினாறே கால். இரண்டையும் நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன். ஓர் இடத்தில் சந்தித்தன. சந்தித்துவிட்டதால் சரி என்று நினைத்து நான்கு மூலையையும் முழுசாகப் பற்றவைத்து, நடுவில் மூன்று குறுக்குப் பைப்பும் கொடுத்து, கறுப்பு பெயின்ட்டும் அடித்துவிட்டேன். நன்றாக இருந்தது. நான் செய்ததிலேயே சுத்தமான பற்று என்று மச்சான்கூடச் சொன்னான்.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் லோடு வண்டியில் சட்டத்தைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மச்சானுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தூக்கிப் பிடிக்க லோடுமேன் இரண்டு பேர். திருவேற்காடு தாண்டும்போதே வானம் மூடிக்கொண்டது. பாய் வாசலிலேயே நின்றிருந்தார். பண்டாரி போன் செய்திருக்கிறார். ஐந்து மணிக்கு வந்து பார்ப்பாராம். கூரை இருந்தால் பாத்திரத்தை இறக்குவார், இல்லையென்றால் பட்டாபிராமில் காத்திருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார். பாய் இதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த தஸ்பீஹ் ஜெபமாலையின் மணிகள் வேகமாக ஓடின.

நாலு பேரும் சட்டத்தைத் தூக்கினோம். பஞ்சு மூட்டைகள் போய் இடம் காலியாக இருந்தது. வீட்டுப் பக்கத்து இரண்டு கால்களில் சட்டம் அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. அடுத்து எதிர்ப்பக்கம் பார்த்தோம். தெருவோரம் இருக்க வேண்டிய மூலை, காலைத் தொடாமல் இரண்டடி உள்ளேயே நின்றுவிட்டது. பின்பக்க மூலையோ காலைத் தாண்டி இரண்டடி வெளியே போய், பின்வீட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டடி குறைவு, பின்னால் இரண்டடி அதிகம். நாங்கள் ஆளுக்கொரு மூலையைத் தாங்கிக்கொண்டு, இறக்குவதா தள்ளிப் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்வீட்டு அம்மா படியில் இறங்கி வந்தவர், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பைப் புதிதாக இருப்பதைப் பார்த்து, அதன்மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டார்.

"எம்மா, துண்ட எட்த்துக்கமா," என்றான் மச்சான், தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு. "இது கொடி இல்ல. இப்ப எறங்கிடும்."

இறக்கித் தெருவில் வைத்தோம். மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "இன்னா மாமா, அந்த ஒரு அடிய கழிக்காம உட்டுட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் நம்பவில்லை. டேப்பை எடுத்தான். பாயே முனையைப் பிடித்துக்கொண்டார். கால்களை அளந்தார்கள், சட்டத்தை அளந்தார்கள். பதினான்குக்குப் பதினான்கு இருந்தது. பத்துக்குப் பத்து இருந்தது. பதினாறே காலும் ஏழும் விரல்கடை பிசகாமல் இருந்தன. பாய் டேப்பின் முனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்த்தார்.

"அளவெல்லாம் சரியா கீது," என்றார். "பொருளு மட்டும் தப்பா கீது. அது எப்டிப்பா?"

மச்சானிடம் எதற்கும் பதில் இருக்கும். மேஸ்திரி நட்ட கால் நகர்ந்திருக்கும் என்றான். வயல் மண், மழையில் இறங்கியிருக்கும் என்றான். கால் நகர்ந்திருந்தால் அளவு எப்படி அப்படியே இருக்கும் என்று பாய் கேட்டார். நாலும் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாக நகர்ந்திருக்கும் என்றான் மச்சான். தன் தொழிலில் நீளம், அகலம் என்று இரண்டே அளவுதான், நாற்பது வருடத்தில் ஒரு மெத்தையும் கட்டிலை விட்டு வெளியே போனதில்லை என்று பாய் வருத்தமாகச் சொன்னார். நான் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று, முகமூடி வண்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கவாசல் கதவு திறந்து கல்யாணப் பெண் வெளியே வந்தார். ஜன்னலில் கேட்ட அதே குரல். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மருதாணி போட்டு, அது காயாததால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நடந்து பழகும் குழந்தை போல வந்தார். உள்ளேயிருந்து அவர் அம்மா, நாளைக்கு நிக்காஹை வைத்துக்கொண்டு தெருவில் என்ன வேலை என்று சத்தம் போட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவர் சட்டத்தைச் சுற்றி வந்தார்.

"குறுக்களவு என்னண்ணே?"

நான் குனிந்து சட்டத்தின் ஒரு மூலையைத் துடைத்தேன்.

"அன்னைக்கே கேட்டேனே. வேணாம்னீங்க."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். பாயும் பார்த்தார். லோடுமேன் இரண்டு பேரும் விஷயம் புரியாமலே என்னைப் பார்த்தார்கள்.

அவர் என்னைத் திட்டவில்லை. வாசலில் இருந்த மடக்கு கேட்டைத் தாடையால் காட்டி, அதை இழுங்கள் என்று மச்சானிடம் சொன்னார். அவன் இழுத்தான். மூடுங்கள் என்றார், மூடினான். பாதியில் நிறுத்துங்கள் என்றார், நிறுத்தினான். அந்த கேட்டில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு பக்கமும் சமம்தானே என்று கேட்டார். சமம்தான். இழுக்கும்போது எந்தப் பட்டையாவது நீளுகிறதா, குறைகிறதா? இல்லை. ஆனால் உருவம் ஒரே மாதிரியா இருக்கிறது? ஒரு நேரம் ஒல்லியாக நிற்கிறது, ஒரு நேரம் அகலமாகப் படுக்கிறது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் சதுரமாக ஆகிறது. மற்ற நேரமெல்லாம் அதற்குப் பெயர் சாய்சதுரம்.

இருபது வருடமாக நான் மடக்கு கேட் செய்கிறேன். ஒரு கேட்டுக்கு நாற்பது, ஐம்பது கட்டம் வரும். அவ்வளவு சாய்சதுரங்களைச் செய்து ஆவடி, அம்பத்தூர் முழுக்க மாட்டியிருக்கிறேன், ஒன்றுக்கும் பெயர் தெரியாமல். நாங்கள் அதைக் கட்டம் என்றுதான் சொல்வோம். பக்கம் மாறாமல் உருவம் மாறும் என்பது என் கைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த விஷயத்தை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். அப்படியும் நாலு பக்கத்தை மட்டும் அளந்துகொண்டு வந்து நின்றேன்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் இந்த இடம் என்ன வடிவம், சரிவகமா என்று கேட்டான். பள்ளிக்கூடத்துச் சொல் ஒன்று அவனுக்கு ஞாபகம் இருந்தது எனக்கே ஆச்சரியம். டீச்சர் சிரித்தார். சரிவகம் என்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு ஜோடியாவது இணையாகப் போக வேண்டும், இங்கே எது எதற்கு இணையாகப் போகிறது என்று கேட்டார். பார்த்தோம். வீட்டுச் சுவரும் காம்பவுண்டுச் சுவரும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போயின. தெருப் பக்கமும் பின்பக்கமும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. இரண்டு ஜோடியும் இணையாக இருந்தால் இணைகரம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ஜோடி ஜோடியாகச் சமமாக இருந்தால் பட்டம். இது எதுவும் இல்லை. வெறும் நாற்கரம்.

"சதுரத்துக்கு ஒரு அளவு போதும்," என்றார். "செவ்வகத்துக்கு ரெண்டு, எங்க அத்தா செய்ற மெத்தை மாதிரி. சாய்சதுரத்துக்கும் ரெண்டுதான், ஒரு பக்கம், ஒரு மூலைவிட்டம். இணைகரத்துக்கு மூணு. சரிவகத்துக்கு நாலு. பேர் இல்லாத நாற்கரத்துக்கு மட்டும் அஞ்சு வேணும். நீங்க நாலோட வந்துட்டீங்க."

"எங்க மாமாக்கு ஒரே அளவு போதும் டீச்சர்," என்றான் மச்சான். "இன்னா கேட்டாலும் வேணாம்பாரு."

பாய் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பக்கங்கள் சரியாக இருப்பதால் புது இரும்பு அதிகம் வேண்டியதில்லை, மூலைகளை வெட்டிவிட்டு மறுபடி சேர்த்தால் போதும் என்று புரிந்தது. மச்சான் புதுக் குறுக்குப் பைப் வாங்க வேலப்பன்சாவடிக்கு வண்டியில் ஓடினான். லோடுமேன் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். பண்டாரி மறுபடி போன் செய்ததால் பாய் அதை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். நானும் டேப்பும் டீச்சரும் மிச்சம்.

ஐந்தாவது அளவை எடுக்க வேண்டும். செங்கல்லைத் தேடினேன். வேலை முடிந்து இடத்தைக் கூட்டியிருந்தார்கள், ஒரு செங்கல்கூட இல்லை. தெருவுக்கு மேலே மேகம் இன்னும் கீழே வந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"கொஞ்சம் பிடிக்க முடியுமாம்மா?"

அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். இருபது வருடத்தில் ஒருவரிடம் ஓர் உதவி கேட்டேன், அவருக்குக் கை இல்லை. நான் டேப்பைச் சுருட்டப் போனேன்.

"இருங்கண்ணே, கால் இருக்குல்ல," என்று அவர் போய் வீட்டுப் பக்கத்துப் பின்காலின் அடியில் நின்று, டேப்பின் முனையைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டார். ஒரு அடிக் கோடு இரும்புக் காலோடு சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நான் எதிர்மூலைக்கு, தெருவோரக் காலுக்கு, டேப்பை இழுத்தேன். பத்தொன்பதே முக்கால்.

"ஒரு அடி கழிச்சிட்டீங்களா?"

பதினெட்டே முக்கால். என் சட்டத்தில் அதே மூலைக்கு மூலை அளந்தால் பதினேழே கால்கூட வரவில்லை. ஒன்றரை அடி என்னுடைய வெட்கத்தின் நீளம்.

வெட்டுவதற்கு முன்னால் உதவிப்படம் போடச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. என்னிடம் காம்பஸ் கிடையாது. பக்கத்தில் இருந்தவனிடம் இரண்டு இருந்தது. அவனிடம் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, வட்ட வில்லையெல்லாம் கையாலேயே போட்டுக் கொடுத்தேன். விடைத்தாளில் சார் சிவப்பு மையில், இது வில்லா வாழைப்பழமா என்று எழுதியிருந்தார்.

பழைய மின்கட்டண அட்டையின் பின்னால் உதவிப்படம் போட்டேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல, தெருவில் சாக்பீஸால் முழு அளவுக்கு வரைந்தேன். முதலில் பதினான்கு அடிக் கோடு. அதன் ஒரு முனையில் ஆணியை வைத்து, சணல் கயிற்றைப் பதினெட்டே முக்காலுக்கு அளந்து கட்டி, ஒரு வில். மறுமுனையிலிருந்து பத்தடிக்கு ஒரு வில். இரண்டும் வெட்டிக்கொண்ட இடம் மூன்றாவது மூலை. அங்கிருந்து பதினாறே கால், முதல் ஆணியிலிருந்து ஏழு, மறுபடி இரண்டு வில், நாலாவது மூலை. வாழைப்பழம் எதுவும் வரவில்லை. கயிறு என்னை விடவில்லை.

ஆனால் எங்கள் பக்கம் தெருவில் சாக்பீஸ் கோடு போட்டால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வில்லுக்கு முன்னால் பிரேக் போட்டார்.

"இன்னா சார், டிரைனேஜா? எவ்ளோ ஆழம் தோண்டுவீங்கோ?"

நான் முழங்காலில் இருந்தபடியே தலையாட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்துக் கொண்டுபோய் அடுத்த தெருவில் நிறுத்தினார். இரண்டு வீட்டு அம்மாக்கள் வந்து, நாளைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று என்னைக் கேட்டார்கள். ஒருவர், போன தடவை தோண்டிய ரோட்டையே இன்னும் மூடவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். பாய் வந்து, இது கல்யாணத்துக்கு என்று எல்லோருக்கும் விளக்க வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்கு எதற்குத் தெருவைத் தோண்டுகிறீர்கள் என்று ஒரு தாத்தா கேட்டார்.

மச்சான் வந்ததும் நான்கு மூலையையும் வெட்டினோம். குறுக்குப் பைப்களைக் கழற்றினோம். மூலைகளைக் கம்பியால் தளர்வாகக் கட்டியதும், அவ்வளவு நேரம் விறைப்பாகக் கிடந்த சட்டம் மடக்கு கேட் போல ஆடத் தொடங்கியது. சாக்பீஸ் படத்தின் மேல் அதை வைத்து, ஆளுக்கொரு பக்கம் காலால் தள்ளினோம். தெருப் பக்கம் நகர நகரப் பின்பக்கமும் கூடவே வந்தது. நான்கு மூலையும் நான்கு புள்ளியில் போய் நின்றதும் மச்சான் முகமூடியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

முகமூடியை இறக்கிக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். நடுவில் இரண்டு தடவை தூறல் போட்டது. பாய் உள்ளேயிருந்து புது மெத்தைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து, லோடுமேன் இருவரையும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு ஆள் மெத்தை உறைக்கு அடியில் உட்கார்ந்து வெல்டிங் செய்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

நாலரைக்குத் தூக்கி வைத்தோம். நான்கு காலிலும் உட்கார்ந்தது. பின்வீட்டு அம்மா ஒரு வாளித் துணியோடு படியில் இறங்கி வந்து, பைப் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மேலே ஏறிப்போனார். ஷீட்டைத் திருகி முடிக்கவும் பண்டாரியின் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவர் ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அண்ணாந்து நான்கு மூலையையும் பார்த்தார். கோணலாக இருக்கிறதே என்றார். இடமே அப்படித்தான் என்று பாய் சொன்னார். பண்டாரி, பிரியாணி ஆக்கும் தேக்சாக்களை இறக்கச் சொல்லி ஆட்களுக்குக் கைகாட்டினார். மூன்று பெரிய தேக்சாக்கள் இறங்கின. பாய் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கிளம்பும்போது டீச்சர் ஜன்னலில் நின்றிருந்தார். மருதாணி காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

"உதவிப்படத்துக்கு ரெண்டு மார்க் போட்டுட்டேண்ணே," என்றார்.

நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வேணாம்மா என்று வாய் வரை வந்தது. நல்லவேளையாக மச்சான் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

மறுநாள் மழை பெய்யவில்லை. ஷீட்டுக்கு அடியில் புகை கட்டுகிறது என்று சொல்லி, பண்டாரி மூன்று தேக்சாவையும் தெருவில் வைத்துச் சமைத்தார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் செருப்புகளைக் கூரைக்கு அடியில் விட்டிருந்தார்கள்.